ஆண்டர்சனின் .405... ஒரு துப்பாக்கி, ஒரு கரடி, கொஞ்சம் கம்பம் பள்ளத்தாக்கு!

1895-ம் வருஷம் கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு மறக்காது. அந்த வருஷம் அக்டோபர் 10-ம் தேதிதான் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்டது. கூடலூர்ல ஆரம்பிச்சு தேனி வரைக்கும் டீக்கடை, சலூன், வீட்டுக் கூடம்னு பென்னிகுக் படம் இன்னிக்கும் தொங்குது. அவர் பிறந்த ஜனவரி 15-ல பொங்கல் வெச்சுக் கும்பிடுற ஊர் இது.

அதே 1895-ல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் இருந்த வின்செஸ்டர் கம்பெனி, மாடல் 1895 என்று ஒரு ரைஃபிளை அறிமுகம் செய்தது. அணைக்கும் ரைஃபிளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால், அந்த ரைஃபிள் பல ஆண்டுகள் கழித்து நம்ம தமிழ்நாட்டுக் காடுகளுக்குள் ஒருவரின் தோளில் ஏறி வந்தது. ஜவளகிரி, பென்னாகரம், ஏலகிரி, சீகூர் என்று சுற்றியது. அதைச் சுமந்தவர் கென்னத் ஆண்டர்சன். வடக்கே ஜிம் கார்பெட் எப்படியோ, தெற்கே இவர் அப்படி.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றின் பூர்வீகத்தை ஆராய்வதும் உலகம் முழுக்க இருக்கிற ஒரு பொழுதுபோக்கு. அந்தக் கண்ணோட இவரோட வாழ்க்கையைப் பார்த்தா, புலி வேட்டைக் கதைகளுக்கு அடியில வேற ஒரு கதையும் கிடைக்குது. யானை இறங்குற, காட்டுப்பன்றி இறங்குற நம்ம பள்ளத்தாக்குக்கு அந்தக் கதை ரொம்பப் பக்கம்.

தபால் ஆபீஸ்காரர்

கென்னத் ஆண்டர்சன் 1910-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி, செகந்திராபாத் அருகில் இருக்கும் பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனா, பல தலைமுறையா இந்தியாவிலேயே வேர்விட்ட குடும்பம். அப்பா ராணுவச் சம்பளக் கணக்கு பார்க்கிற அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

படிப்பு பெங்களூரில். பிஷப் காட்டன் பள்ளி, பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. பையன் வக்கீலாகட்டும் என்று எடின்பரோவுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தக் குளிரும் சட்டப் புத்தகமும் அவருக்கு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வந்தவர் மகாராஜா வீட்டு விருந்தாளியாக வேட்டைக்குப் போனவர் இல்லை. தபால் தந்தித் துறையில் 15 வருஷம் வேலை பார்த்தார். அதன் பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மேலாளர். இன்று நாம் ஹெச்.ஏ.எல் என்று சொல்கிற இடம்தான். வாரம் முழுக்க ஆபீஸ். லீவு கிடைத்தால் ஸ்டூடிபேக்கர் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கன்னடம், தமிழ் ரெண்டும் பேசுவார். அதனால கிராமத்துக்காரங்க கூட உட்கார்ந்து விவரம் கேட்கறதுக்கு அவருக்கு நடுவுல ஆள் தேவைப்படல.

1929-ல் கல்யாணம். மனைவி பெயர் பிளாசம். ஜூன், டொனால்ட் என்று இரண்டு பிள்ளைகள். மகன் டொனால்டும் பின்னாளில் வேட்டைக்காரராகப் பெயர் வாங்கினார்.

சம்பளக்காரரின் துப்பாக்கி

அந்தக் காலத்துப் பெரிய வேட்டைக்காரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் லண்டனில் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள். ஹாலண்ட், ரிக்பி, ஜெஃப்ரி என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கௌரவம். வாங்குபவரின் தோளுக்கும் கைநீளத்துக்கும் அளவெடுத்து, கையாலேயே இழைத்துச் செய்வார்கள். விலையும் அதற்கேற்ற மாதிரி. ஜமீன்தார், சமஸ்தானத்து ராஜா, பெரிய வெள்ளைக்கார அதிகாரி வாங்கலாம். தபால் ஆபீஸ்காரர் எங்கே போவார்?

வின்செஸ்டர் மாடல் 1895 தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து இறக்கிய ரைஃபிள். வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். அதுக்கு முன்னாடி வந்த வின்செஸ்டர்கள்ல தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இருக்கிற இன்னொரு குழாய்க்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும். ஒரு தோட்டாவோட முனை, முன்னாடி இருக்கிற தோட்டாவோட அடிப்பாகத்தில் இடிக்கும். கூர்முனைத் தோட்டாவை அப்படி அடுக்கினால், அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. பிரவுனிங் இந்த மாடலில் அந்தக் குழாயைத் தூக்கிவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தார். தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். சக்தி வாய்ந்த தோட்டாவையும் கூர்முனைத் தோட்டாவையும் பயமில்லாமல் போடலாம். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார்.

1904-ல் இந்த மாடலுக்காகவே .405 தோட்டா வந்தது. 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம் எடையுள்ள குண்டு. வினாடிக்கு 2,200 அடி வேகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது சிங்கத்துக்கு நம்பி எடுத்துப்போனது இதைத்தான். ஒரு குறையும் உண்டு. சுட்டால் தோள்பட்டையில் விழுகிற உதை லேசுப்பட்டதல்ல. கட்டையின் அடி வளைவாக இருப்பதால் அடி இன்னும் உறைக்கும்.

இந்தியாவில் .405 பிடித்துப்போனதற்கு வியாபாரக் காரணங்களோடு சட்டமும் ஒரு காரணம். பட்டாளத்துத் தோட்டாக்கள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், .450 அளவு ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு 1907-ல் தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் .470, .465 என்று புதுப்புது அளவுகளைத் தேடி ஓடின. .405-ஐ எந்தப் பட்டாளமும் பயன்படுத்தாததால் அதற்கு அந்தத் தலைவலி இல்லை. விலையும் கட்டுப்படி. ஆண்டர்சன் கடைசி வரைக்கும் அதையே வைத்திருந்ததில் ஆச்சர்யம் இல்லை.

பின்லாந்துக்குப் போன அண்ணன் தம்பிகள்

மாடல் 1895 மொத்தம் சுமார் 4 லட்சத்து 25 ஆயிரம் செய்யப்பட்டன. அதில் கிட்டத்தட்ட 2 லட்சத்து 94 ஆயிரம் போனது ஒரே வாடிக்கையாளருக்கு. ரஷ்யாவின் ஜார் அரசாங்கம்! முதல் உலகப்போரில் ரஷ்யாவிடம் போதுமான துப்பாக்கிகள் இல்லை. நியூ ஹேவனுக்கு ஆர்டர் பறந்தது. ரஷ்யர்களின் 7.62 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்து, கப்பல் கப்பலாக அனுப்பினார்கள்.

அப்போ பின்லாந்து ரஷ்யாவுக்குக் கீழ இருந்தது. 1917 டிசம்பர் 6-ம் தேதி பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது. ரஷ்யப் படைகள் விட்டுட்டுப் போன ஆயுதங்களோட சேர்ந்து இந்த வின்செஸ்டர்களும் அங்கே தங்கிப்போச்சு. 1921-ல், ஊர்க்காவல் படையின் பழைய ரஷ்யத் துப்பாக்கிகளைச் சீர்செய்ய ஒரு பட்டறை தொடங்கினார்கள். அதுதான் சாகோ. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சாகோ வேட்டை ரைஃபிள் பக்கம் திரும்பியது. எல்46, விக்ஸன், ஃபாரஸ்டர், ஃபின்பேர் என்று அதன் பழைய மாடல்களுக்காக இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சாகோ தொழிற்சாலை இருக்கும் ரீஹிமாகி ஊரில் பின்லாந்தின் வேட்டை அருங்காட்சியகமே இருக்கிறது.

சேகரிப்பாளர்களுக்குத் துப்பாக்கியின் பளபளப்பு இரண்டாம்பட்சம். முதலில் வரிசை எண்ணைத்தான் தேடுவார்கள். எந்த வருஷம் செய்தது, எந்தக் கடை விற்றது, யார் கைக்குப் போனது என்று பேப்பர் வழியாக நூல் பிடித்துக்கொண்டே போவார்கள். வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஏட்டில் இருக்கிற எண்ணாக இருந்தால் விவரம் எழுதி அனுப்புவார்கள்.

இதுக்கு நல்ல உதாரணம் கார்பெட்டின் ரைஃபிள். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக, 1907-ல் ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹூவிட் அவருக்கு ஒரு .275 ரிக்பியைப் பரிசளித்தார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்து விவரம் பொறித்திருந்தார்கள். கார்பெட்டுக்குப் பிறகு அது அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் இருந்தது. 2015-ல் ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. மறுவருஷம் அது இந்தியாவுக்கும் வந்துபோனது. தகடு இருக்கு, பதிவேடு இருக்கு, கைமாறின கணக்கு இருக்கு. ஒரு பழைய துப்பாக்கிக்குப் பெருமை வர்றது இப்படித்தான்.

மெட்ராஸ்லயும் இந்த வியாபாரம் நடந்திருக்கு. கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பேர்போன மவுன்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ், ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்ற கடை. பழைய துப்பாக்கிகளின் குழலில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

காடு சொல்லிக்கொடுத்தவங்க

ஆண்டர்சனின் புத்தகங்களில் துப்பாக்கிக்குக் கிடைக்கிற இடத்தைவிட மனுஷங்களுக்குக் கிடைக்கிற இடம் அதிகம். பைரா என்கிற பூசாரி, ரங்கா என்கிற வேட்டைத்துணை. இருவரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பைரா காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மனிதர். சின்னாற்றுக் கரையில் குடும்பத்தோடு வறுமையில் கிடந்தவர். எந்தத் தடம் எப்போது விழுந்தது, மான் எதைப் பார்த்துக் கத்துகிறது, குரங்கு ஏன் திடீரென்று மௌனமாகிறது என்று ஆண்டர்சனுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். கல்லூரியில் படித்தவர், படிக்காதவரின் மாணவராக உட்கார்ந்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை, எழுதியும் வைத்தார்.

மேகமலை, வருசநாடு பக்கம் பளியர் மக்களோட பழகினவங்களுக்கு இது புரியும். தேன் எடுக்கப் போற பெரியவர் ஒரு நிமிஷம் நின்னு மோந்து பார்த்துட்டு, இந்தப் பக்கம் வேணாம்னு சொன்னா, கேள்வி கேட்காம திரும்பிடணும்.

துப்பாக்கியே இல்லாமல், தனியாகக் காட்டுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஆண்டர்சனுக்குப் பழக்கம். இரவில் காட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டு இருப்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். வேட்டைக் கதை என்று நினைத்து அவர் புத்தகத்தைத் திறப்பவர்கள், பக்கம் பக்கமாகப் பறவைச் சத்தத்தையும் நிலா வெளிச்சத்தையும் படிக்க வேண்டியிருக்கும்.

ஆட்கொல்லியை உண்டாக்குவது யார்?

கிருஷ்ணகிரி மாவட்டம் ஜவளகிரி. அங்கே மனிதர்களைக் கொன்ற ஒரு பெண்புலியின் கதைதான் ஆண்டர்சனின் பெயரை நிலைநிறுத்தியது. பல முயற்சிகள் தோற்ற பிறகு, கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அது இணைதேடும் காலம். ஆண்புலியின் குரலைத் தன் தொண்டையாலேயே எழுப்பினார். பெண்புலி பதில் கொடுத்துக்கொண்டே நெருங்கி வந்தது. .405 வெடித்தது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. ஆனால், துணை தேடி வந்த மிருகத்தை ஏமாற்றிச் சுட்ட கதை அது. படிக்கிற நமக்கும் முழுசா சந்தோஷப்பட முடியறதில்ல.

அதே வட்டாரத்தில் கும்மலாபுரம் சிறுத்தை. 42 பேரைக் கொன்றதாக எழுதுகிறார். பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க ஆள் இல்லை. மனித உருவத்தில் பொம்மை செய்து வைத்துவிட்டு, இருட்டில் தனியாகக் காத்திருந்தார். சுட்ட பிறகு பாதத்தைப் பார்த்தால், முள்ளம்பன்றியின் முள் ஏறி, ஒடிந்து, உள்ளேயே தங்கியிருந்தது. நொண்டிப்போன சிறுத்தையால் மானைத் துரத்த முடியவில்லை. மனிதன் மெதுவாக ஓடுகிறவன்.

ஆண்டர்சன் திரும்பத் திரும்பக் காட்டுகிற விஷயம் இதுதான். புலியோ சிறுத்தையோ விருப்பப்பட்டு மனுஷனைத் தேடி வர்றதில்ல. முள் குத்தினது, பல் உடைஞ்சது, வயசானது, முக்கியமா அரைகுறையா சுட்டுவிட்டது. ராத்திரியில் தோட்டக் காவலுக்கு உட்கார்ந்த ஒருத்தர், கரிமருந்து இடிச்ச நாட்டுத் துப்பாக்கியில் கையில் கிடைச்ச இரும்புத் துண்டைப் போட்டுச் சுடுவார். மிருகம் சாகாது. காயத்தோட ஓடும். ஒரு மாசம் கழிச்சு அடுத்த ஊர்ல ஒருத்தர் செத்துப்போவார். சுட்டவர் ஒரு ஊர், பலி கொடுத்தது இன்னொரு ஊர்.

யானைக்கும் அதே கதைதான். மெட்ராஸ் மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. கலெக்டர் முறைப்படி அறிவித்தால்தான், குறிப்பிட்ட அந்த ஒரு யானையைச் சுடலாம். உயரம், தந்தம், கால் தடத்தின் அளவு எல்லாம் அந்த அறிவிப்பில் இருக்கும். ஆண்டர்சன் அப்படிச் சில யானைகளையும் சுட்டிருக்கிறார். பனப்பட்டி ஒற்றை யானையின் கதை அவருடைய முதல் புத்தகத்திலேயே இருக்கிறது.

பதினைந்து போதும்

அரசாங்கப் பதிவுகளின்படி, 1939-ல் இருந்து 1966 வரை ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகள் 15. சிறுத்தை 8, புலி 7. ஆனால், வாய்வழியாகப் பேசப்படுகிற கணக்கு இதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அவருடைய கதைகளில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்த்தது என்று வாசகர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. பேய், மந்திரம், விளக்க முடியாத ராத்திரிச் சத்தம் எல்லாம் அவர் எழுத்தில் வரும் என்பதால் சந்தேகப்படுகிறவர்களுக்குத் தீனியும் இருக்கிறது.

இங்கேதான் துப்பாக்கி ஆராய்ச்சிக்காரரோட புத்தி நமக்கு உதவுது. வரிசை எண்ணும் ஏடும் ஒத்துப்போனா மட்டும் நம்பு. மத்ததைக் கதைன்னு தனியா வெச்சு ரசி. அந்தக் கணக்கில் 15 நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கலெக்டர் ஆபீஸ் ஃபைல், பயந்துபோன ஒரு கிராமம், வீட்டுக்குத் திரும்பாத சிலர். 15 என்பது சின்ன எண் இல்லை.

எழுத்தாளராக அவர் வந்தது தாமதமாகத்தான். முதல் புத்தகமான நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக் 1954-ல் வெளியானபோது வயது 44. அடுத்த 16 வருஷத்தில் வரிசையாக வேட்டைப் புத்தகங்கள். நடுவில் ஒரு நாவலும் எழுதிப் பார்த்தார். ஜங்கிள்ஸ் லாங் அகோ, அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1976-ல் வந்தது.

புருனோ என்கிற பாபா

சி.பி.எஸ்.இ ஒன்பதாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆண்டர்சனை அவர்களுக்கு வேட்டைக்காரராகத் தெரியாது. கரடிக்கதைக்காரராகத்தான் தெரியும். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் அந்தக் கதை இருந்தது.

மைசூர் அருகே கரும்புத் தோட்டத்தில் விரட்டப்பட்ட கரடிகளில் ஒன்றை, கூட வந்த ஒருவர் சும்மா சுட்டுவிடுகிறார். பார்த்தால், முதுகில் குட்டியோடு வந்த தாய்க்கரடி. அந்தக் குட்டியைப் பிடித்து மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார் ஆண்டர்சன். புருனோ என்று பெயர். சோறு, கறி, கஞ்சி, மோர் எல்லாம் சாப்பிடும். ஒருநாள் எலிக்கு வைத்த பேரியம் கார்பனேட் விஷத்தைத் தின்றுவிட்டுக் கைகால் விளங்காமல் விழுந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். இன்னொரு நாள் பழைய இன்ஜின் ஆயிலை ஒரு கேலன் குடித்துவிட்டு, ஒன்றும் ஆகாமல் சுற்றித் திரிந்தது!

வளர்ந்த பிறகு வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. பாபா என்று பெயர் மாறியிருந்த கரடியை மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அது சாப்பிடவில்லை. இங்கே பிளாசமும் சாப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த அம்மா போய் நின்றதும், கரடி தலைகீழாக நின்று குதூகலித்தது. கடைசியில் அனுமதி வாங்கித் திரும்ப அழைத்துவந்தார்கள். வீட்டு வளாகத்தில் 20 அடிக்கு 15 அடி மேடு. சுற்றிலும் ஆறடி அகலம், ஏழடி ஆழத்தில் தண்ணீர் இல்லாத அகழி. நடுவில் பாபா. மரக்கிளையில் கட்டிய கயிற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடி அந்தப் பக்கம் போய், கரடியோடு உட்கார்ந்திருப்பார் பிளாசம்.

தேவையில்லாமல் வெடித்த ஒரு துப்பாக்கியால் கிடைத்த குட்டி அது. தாயைச் சுட்டவரை ஆண்டர்சன் தப்பவிடவில்லை. அது விளையாட்டுக்குச் செய்த கொலை என்பதை ஒளிக்காமல் பதிவு செய்துவிட்டுத்தான், மற்ற சிரிப்புக் கதையைச் சொன்னார்.

கடைசிக் காலம்

பிற்காலத்தில் ஆண்டர்சன் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு, காட்டைக் காப்பாற்றுவதைப் பற்றி அதிகம் பேசினார், எழுதினார். தான் சிறுவயதில் பார்த்த காடுகள் கண்முன்னாலேயே சுருங்கியது அவரை வாட்டியது. ஜீப்பில் விளக்கடித்துச் சுடுகிறவர்கள், செத்த மாட்டில் விஷம் வைத்துப் புலியைக் கொல்கிறவர்கள் மீது அவருக்குத் தீராத கோபம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. வேட்டைக்காரர்களின் காலம் சட்டப்படி முடிந்துபோனது.

1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். வயது 64.

அரிக்கொம்பன் வந்த நாள்

ஆண்டர்சன் எழுதியதெல்லாம் பழைய காலம் என்று மூடிவைக்க முடியாதபடி, 2023 மே 27-ம் தேதி கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் நடந்து வந்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டுக்குள் விடப்பட்ட யானை. ஒரு மாசம்கூட ஆகலை, மலை இறங்கி வந்துடுச்சு. தெருவில் யானை ஓடிய வீடியோவை ஊரே பார்த்தது. 144 தடை போட்டார்கள். காயம்பட்ட ஒருவர் இறந்தும் போனார். தோட்டத்துக்குப் போக முடியாமல் திராட்சையும் வாழையும் அப்படியே கிடந்தன.

1930-களாக இருந்தால் கலெக்டர் அறிவிப்பு வந்திருக்கும். பெங்களூரில் இருந்து ஒருவர் .405-ஓடு வந்திருப்பார். 2023-ல் வந்தது மயக்க ஊசித் துப்பாக்கி. கும்கிகள் வந்தன. ஜூன் 5-ம் தேதி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இழப்பு நடந்த வீட்டுக்காரங்ககிட்ட போய், யானையோட வழித்தடம்னு பாடம் எடுக்க முடியாது. அதே நேரம், ஒரு யானையை ரெண்டு இடத்துக்கு மாத்தறதோட இந்தப் பிரச்னை முடியாதுன்னு ஊருக்கும் தெரியும்.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். ஒரு பக்கம் பெரியாறு, இன்னொரு பக்கம் மேகமலை. நடுவில் நாம். இந்த நிலைமையில் நாட்டுத் துப்பாக்கியில் காயப்படுத்தி விரட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஜவளகிரியும் கும்மலாபுரமும் எழுதிவைத்த பாடம் இருக்கிறது.

தாத்தா துப்பாக்கி இருக்கா?

நம்ம பக்கம் சில வீடுகள்ல தாத்தா காலத்துத் துப்பாக்கி இன்னும் இருக்கு. பயிர்க்காவலுக்கு வாங்கிய ஒற்றைக்குழல், எஸ்டேட் காலத்து இரட்டைக்குழல். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவார்கள். அப்படி ஒன்று இருந்தால், ஆண்டர்சன் ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் கவனிக்கிற சில விஷயங்களை நீங்களும் கவனிக்கலாம்.

முதலில் உரிமம். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. அதனால் பின்லாந்துக்காரர் மாதிரி அலமாரி நிறையச் சேர்ப்பது இங்கே நடக்காது. நம்மால் சேர்க்க முடிந்தது விவரம்தான்.

அதைச் சேர்க்கலாம். வரிசை எண், குழலில் இருக்கும் கம்பெனி முத்திரை, விற்ற கடையின் பெயர், பழைய உரிமப் புத்தகம், ரசீது, தாத்தா துப்பாக்கியோடு நிற்கிற போட்டோ. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, கட்டைக்கு வார்னிஷ் அடிக்காதீங்க. தேய்ச்சா முத்திரையும் சேர்ந்து போயிடும். அப்புறம், வீட்டுல பாட்டி இருந்தா உட்கார்ந்து கேட்டு எழுதிவைங்க. அந்தத் துப்பாக்கி எத்தனை தடவை வெடிச்சது, எதுக்காக வெடிச்சது, எந்த ராத்திரி வெடிக்காம இருந்திருக்கலாம்னு தாத்தா நினைச்சார்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஆண்டர்சன் தன் .405-க்குச் செஞ்சதும் அதுதான். வெடிச்ச கதையையும் வெடிக்காத கதையையும் சேர்த்தே எழுதிவெச்சுட்டுப் போனார்.